பன்னிரண்டாம் கேள்வி

திருவண்ணாமலை
12-7-1981

அன்புள்ள தம்பி யசோதரனுக்கு,

அக்கா ராஜமதி எழுதுகிறேன். அருகன் அருளால் நானும் உன் மாமாவும் பிள்ளைகள் சீவகனும் ஜெயந்திமாலாவும் சுகம். நீயும் ஜினமதியும் சுகந்தானே? அவளுக்கு மசக்கை கொஞ்சமாவது குறைந்ததா? மெட்ராஸ் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க விடாதே.

நீ வாங்கிக் கொடுத்த சர்வே வேலையைத் தொடங்கிவிட்டேன். உன் மாமா முதலில் முறைத்தார். "மண்டிக்காரன் பொண்டாட்டி காகிதக் கட்டத் தூக்கிகினு ஊர் ஊரா சுத்தணுமா?" என்றார். உன் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். உன் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பு ஜாஸ்தி.

காலையில் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போய், அங்கிருந்து நடந்தும் டவுன் பஸ்ஸிலும் சுற்றுப்பக்க ஊர்களுக்குப் போகிறேன். பெண் பிள்ளைகள் ஏன் படிப்பை நடுவில் விடுகிறார்கள் என்றுதானே கேட்கச் சொன்னாய். நீ அனுப்பிய தாளில் பதினோரு கேள்விகள் இருக்கின்றன. நிலம் எவ்வளவு, அப்பா அம்மா படித்திருக்கிறார்களா, பள்ளி எவ்வளவு தூரம், கைக்குழந்தை உண்டா என்றெல்லாம். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு வீட்டில் ஆராயி என்ற அம்மாள் சொன்னதை எழுத உன் தாளில் இடமே இல்லை. வேர்க்கடலை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "தூரம் என்னாங்க பண்ணுது, ஸ்கூலு கூப்புடு தூரந்தான். பெரியவன் ஆரணி ஹாஸ்டல்ல படிக்கிறான். ஒருத்தன படிக்க வெக்கவே நாக்கு தள்ளுது. பொண்ணு நின்னாதாங்க அவன் படிப்பான்."

அடுத்த தெருவிலும் இதே பேச்சு. வீட்டில் படிக்கிற ஆண்பிள்ளை உண்டா என்று ஒரு கேள்வி சேர்க்க முடியுமா? உன் பேராசிரியர் கோபித்துக்கொள்வார் என்றால் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ராஜமதி


சென்னை
27-7-1981

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி. ஜினமதிக்கு இப்போது ரசம் சாதம் வயிற்றில் தங்குகிறது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் கடிதத்தைப் பேராசிரியர் இராமலிங்கத்திடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. சேர்த்துவிடு என்றார். புதிய தாள்களைச் சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாம் கேள்வி உன்னுடையது: "வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளை உண்டா?" ஏற்கெனவே போன வீடுகளுக்கு இன்னொரு நடை போக வேண்டியிருக்கும். சிரமம்தான்.

இந்தத் தாள்களை வைத்து என்ன செய்வேன் என்று போன தடவை நேரில் கேட்டாய், சரியாகச் சொல்லவில்லை. ஒரு பெண் எத்தனை வகுப்பு படித்தாள் என்பதை ஒரு பக்கம் வைப்போம். மறுபக்கம் நிலம், தாயின் படிப்பு, பள்ளித் தூரம் என்று காரணிகளை வைப்போம். மற்றவை எல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது இந்த ஒரு காரணி மட்டும் அவள் படிப்பை எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று கணக்குச் சொல்லும். ரெக்ரெஷன் என்று பெயர். பெருக்கல் கழித்தலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் எங்கள் பாடு. நாம் சேர்க்காத காரணியைப் பற்றிக் கணக்கு வாயே திறக்காது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. அதன் பழியைத் தூக்கி, சேர்த்திருக்கிற வேறொன்றின் தலையில் போட்டுவிடும். அதனால்தான் உன் கேள்வி எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஒன்று கேட்கிறேன். வேலூர்ப் பக்கம் சர்வே எடுக்கிறவர்களும் இதே பேச்சைக் கேட்டிருப்பார்கள். ஒருவரும் எழுதவில்லை. உனக்கு மட்டும் எப்படி உறைத்தது?

பிள்ளைகளுக்கு ஆசிகள்.

அன்புத் தம்பி,
யசோதரன்


திருவண்ணாமலை
20-9-1981

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் மாமாவுக்கு மட்டும் ஒரு வாரமாக இருமல், கஷாயம் கொடுத்து இப்போது கம்மி. ஜினமதி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாளா? மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம் என்று சொல்.

இரண்டாம் நடையும் முடித்துவிட்டேன். தாள்களைக் கட்டி ரயில்வே பார்சலில் போட்டிருக்கிறேன். ஆராயி வீட்டுக்கு மறுபடி போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பெயர் வெள்ளையம்மாள். ஏழாவதோடு நின்றவள். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, 'ஆண்பிள்ளை'க்கு மூணு சுழி 'ண்'தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜெயந்தி இந்த வருஷம் பத்தாவது என்று உனக்குத் தெரியும். சாயங்காலம் நான் கொண்டுவந்த தாள்களை என்னிடம் வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். படிக்கிற ஆண்பிள்ளை உள்ள வீடுகள் ஒரு பக்கம், இல்லாத வீடுகள் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கினாள். அவளாகவே செய்தது. அடுத்த வருஷம் பதினொன்றாவதில் கணக்கு குரூப் எடுக்கப் போகிறாளாம். உன் மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் சீவகன் மெட்ராஸ் காலேஜ் போவணும். இவளுக்கு எதுக்கு ஆச காட்டற? பத்து போதும்" என்றார். பெண்கள் மேல்நிலைப் பள்ளி எங்கள் தெரு திரும்பினால் இருக்கிறது. போய்வருவதற்கு ஒரு பைசா செலவில்லை. சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு எப்படி உறைத்தது என்று கேட்டிருந்தாய். நேரில் வரும்போது சொல்கிறேன்.

அக்கா,
ராஜமதி


சென்னை
6-12-1981

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று நிதானமாக எழுதக்கூடப் பொறுமை இல்லை. நல்ல செய்தி.

அட்டைகளில் துளை போட்டு, கம்ப்யூட்டரில் நேரம் கேட்டுக் காத்திருந்து, நேற்றுதான் முதல் கணக்கு வந்தது. உன் பன்னிரண்டாம் கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கனமாக நிற்கிறது! வீட்டில் படிக்கிற ஆண்பிள்ளை இருந்தால் பெண்ணின் படிப்பு சராசரியாக இரண்டு வகுப்புக்கு மேல் குறைகிறது. அதே நிலம், அதே தாய், அதே தூரம் உள்ள வீடுகளுக்குள் ஒப்பிட்டால்கூட. இன்னொன்று: இதுவரை எல்லோரும் சொல்லிவந்த 'பள்ளித் தூரம்' உன் கேள்வியைச் சேர்த்ததும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது. ஏன் தெரியுமா? தூரத்து ஊர்க்காரர்கள் பையனை ஹாஸ்டலில் போட வேண்டியிருக்கிறது. அந்தச் சுமைக்காகப் பெண்ணை நிறுத்துகிறார்கள். பெண்ணை நிறுத்தியது தூரமல்ல, பையனின் படிப்பு.

பேராசிரியர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆச்சரியம்தான் என்று நினைக்கிறேன்.

ஜெயந்தி விஷயம். மாமாவிடம் இதைச் சொல். அரசாங்கத்துக்குக் கொடுக்கிற அறிக்கை இது, அச்சாகி வரும், தமிழிலும் சுருக்கம் உண்டு. வந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான். மாமா நியாயம் தெரிந்தவர். அச்சில் பார்த்தால் யோசிப்பார்.

ஜினமதிக்கு மாசி பிறந்ததும் நாள் குறித்திருக்கிறார்கள்.

யசோதரன்


திருவண்ணாமலை
22-12-1981

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்து இப்போதுதான் தெருவில் நடக்க முடிகிறது. உன் கடிதத்தை மூன்று நாள் ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தேன். மண்டியில் நல்ல வரத்து இருந்த நாளாகப் பார்த்து, உன் மாமா சாப்பிட்டு வெற்றிலை போடும்போது சொன்னேன்.

"தம்பி கணக்குப் போட்டுப் பார்த்துட்டானாம். ஆம்பளப் புள்ளைக்காகத்தான் பொண்ணுங்கள நிறுத்தறாங்கன்னு வந்திருக்குது."

"எவன் அப்பிடி நிறுத்தறான்?"

"நாமதான்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "யசோதரனா சொன்னான்?" என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். "சரி, அச்சுல வரட்டும். அவன் பேரு போட்டு வந்தா பார்க்கலாம்" என்றார். அவர் 'பார்க்கலாம்' என்று சொன்னால் பாதி சரி என்றுதான் அர்த்தம், இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியும். அறைக்குள் இருந்து ஜெயந்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

நேரில் சொல்கிறேன் என்றதை இப்போதே எழுதிவிடுகிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷமும், நம் ஊரிலிருந்து அப்பா உன்னைத் திருவண்ணாமலை ஹாஸ்டலில் கொண்டுவந்து சேர்த்த வருஷமும் ஒன்றுதான் யசோதரா. "யசோதரன் படிக்கட்டும், நீ நின்னுக்கோம்மா" என்று அப்பா சொன்னார். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நான் சரி என்றேன். எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆராயி சொன்னது ஏன் உறைத்தது என்று கேட்டாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குழந்தை பிறந்ததும் தந்தி கொடு.

அக்கா


திருவண்ணாமலை
31-1-1982

அன்புள்ள மாமாவுக்கு ஜெயந்திமாலா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும் அத்தையும் நலமா? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். திட்டமாட்டார்கள், இருந்தாலும்.

மாமா, அறிக்கை எப்போது வரும்? எனக்கு மார்ச் மாதம் பரீட்சை. சீவகன் அண்ணனுக்கும் பிளஸ் டூ பரீட்சை. மே மாதத்துக்குள் வந்துவிட்டால் நல்லது என்று அம்மா கணக்குப் பார்க்கிறார்கள். தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

அறிக்கை வர நேரமாகும் என்றால், தாங்கள் அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டாலும் போதும் மாமா. தாங்கள் சொன்னால் அப்பா கேட்பார். நான் நன்றாகப் படிக்கிறேன். வீட்டு வேலையும் செய்கிறேன்.

ஒரு சந்தேகம். சர்வே எடுத்தவர்கள் வீட்டைச் சேர்க்கக் கூடாது என்று அம்மா சொன்னார்கள். எங்கள் வீட்டையும் சேர்த்திருந்தால் கம்ப்யூட்டர் என்னை எத்தனாவது வரை படிப்பேன் என்று சொல்லியிருக்கும்?

பதில் போடவும்.

தங்கள் அன்புள்ள,
அ. ஜெயந்திமாலா, 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு


திருவண்ணாமலை
14-3-1982

அன்புள்ள தம்பிக்கு,

தந்தி கிடைத்தது. பெண் குழந்தை என்று அறிந்து எல்லோருக்கும் சந்தோஷம். தாயும் சேயும் சுகமா? பால் போதுமான அளவு இருக்கிறதா? வெந்தயக் களி கிண்டிக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா? இல்லை என்றால் நான் வருகிறேன், ஒரு வரி எழுது.

டிசம்பரில் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பிரசவ நேரம், அலைச்சல், தெரியும். ஜெயந்தியும் உனக்கு எழுதியதாக இப்போதுதான் சொன்னாள். அவளுக்குப் பதில் வரவில்லையாம். பரவாயில்லை, குழந்தைதானே.

அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது? உன் மாமா மண்டிக்கு வருகிறவர்களிடம், "என் மச்சான் புஸ்தகம் வருது, அதுல எங்க வூட்டம்மா கேள்வி ஒண்ணு இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அக்கா


சென்னை
12-4-1982

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். குழந்தைக்கு சந்திரப்ரபா என்று பெயர் வைக்கலாம் என்றிருக்கிறோம். ஜினமதியின் தாயார் வந்திருப்பதால் நீ சிரமப்பட்டு வர வேண்டாம்.

அறிக்கை அச்சாகிவிட்டது. மாமாவின் மண்டி விலாசத்துக்கு ரெஜிஸ்டர் பார்சலில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். முன்னுரையில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன், பார். சில இடங்களில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம்.

என் டாக்டர் பட்டத்துக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. தற்காலிகமாக இருந்த டிபார்ட்மெண்ட் வேலையும் நிரந்தரம் ஆகிறது.

பிள்ளைகள் பரீட்சை நன்றாக எழுதியிருப்பார்கள். ஜெயந்திக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
யசோதரன்


திருவண்ணாமலை
2-5-1982

தம்பி யசோதரனுக்கு,

சுகம். குழந்தை சந்திரப்ரபாவுக்கு எங்கள் எல்லோருடைய ஆசிகள்.

பார்சலை உன் மாமா மண்டியிலேயே பிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார். கை கால் கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயந்தியும் நானும் சீவகனும் எதிரில். ஏதோ நல்ல காரியம் போலத்தான் இருந்தது. முன்னுரையில் 'என் தமக்கை திருமதி ராஜமதி அனந்தநாதன்' என்றிருந்ததைச் சத்தமாகப் படித்தார். இன்னொரு தரமும் படித்தார். அப்புறம் தமிழ்ச் சுருக்கத்துக்கு வந்தார்.

'பெண் குழந்தைகள் கல்வியை இடையில் நிறுத்துவதற்குப் பள்ளியின் தொலைவே முதன்மைக் காரணம்.'

அடுத்த பக்கம் திருப்பினார். அதற்கடுத்தது. கடைசியில், "எங்க இருக்குதும்மா நீ சொன்னது?" என்று என்னைக் கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே தேடினார். ஜெயந்தி புத்தகத்தை வாங்கி, பின்னால் அச்சிட்டிருக்கிற கேள்வித்தாளைப் பார்த்தாள். அதில் பதினோரு கேள்விகள்தான் இருந்தன.

நான் கேட்டுக்கேட்டு எழுதிய கேள்வியைக் கேட்கவே இல்லை என்று ஆக்கிவிட்டாயா?

உன் டிசம்பர்க் கடிதத்தை மறுபடி எடுத்துவந்து காட்டினேன். "அது அவன் உனக்கு எழுதினது. இது கவர்மெண்டுக்கு எழுதினது. எது நெசம்?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ராஜி, நானும் நாலு மாசமா யோசன பண்ணிகினுதான் இருந்தேன். மனசு கேக்கல. இப்ப உன் தம்பியே சொல்றான், ஸ்கூல் தூரமா இருக்கறதாலதான் பொண்ணுங்க நிக்குதுங்க, ஆம்பளப் புள்ளயால இல்லன்னு. நம்ம ஸ்கூலு திரும்புனா இருக்குது. அப்ப இது நாம பண்ற தப்பு இல்ல. வூட்டு நெலமைக்கு ஏத்தாப்ல பண்றோம், அவ்ளோதான்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன் யசோதரா. அவர் கோபித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த நிம்மதியோடு எப்படிச் சண்டை போடுவது?

ஜெயந்தி புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஏன் எடுத்தாய்?

ராஜமதி


சென்னை
29-5-1982

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ நினைப்பதுபோல் நான் பொய் எழுதவில்லை. தூரமும் ஆண்பிள்ளை படிப்பும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை. ஒட்டியிருக்கும் இரண்டில் ஒன்றை விடுவது கணக்கில் ஏற்றுக்கொண்ட முறைதான். எதை விடுவது என்பதில்தான் பேச்சு. பேராசிரியர் சொன்னார்: "தூரம்னா அரசாங்கம் ரோடு போடும், ஸ்கூல் கட்டும். வீட்டுல பையன் படிக்கிறான்னா அரசாங்கம் என்னய்யா பண்ணும்? ஒண்ணும் பண்ண முடியாத காரணத்த எழுதிக் கொடுத்தா எவன் படிப்பான்?" அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போது வட ஆற்காட்டில் புதிதாகச் சில பள்ளிகள் வரப்போகின்றன. அங்கே பெண்கள் படிக்கத்தான் போகிறார்கள். கேள்வித்தாளில் பன்னிரண்டாவதை எடுத்தது நானல்ல. அச்சுக்குப் போகும்போது எடுத்திருக்கிறார்கள். புரூப் என்னிடம் வந்தபோது பார்த்தேன். விட்டுவிட்டேன்.

நான் வாதாடவே இல்லை என்று நினைக்காதே. ஒரு முழு மத்தியானம் வாதாடினேன். கடைசியில் அவர், "இதுல மட்டும் ஏன் இவ்ளோ பிடிவாதம்? உன் சொந்தக் கதையா?" என்று கேட்டார். அறையில் மற்ற மாணவர்களும் இருந்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அதோடு வாதத்தை விட்டுவிட்டேன்.

நீ நின்ற வருஷத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அப்போது எனக்குப் பத்து வயது. அது அப்பா எடுத்த முடிவு.

போகட்டும். மாமா எழுதியிருந்தார், சீவகனுக்கு இங்கே காலேஜில் இடம் கிடைத்துவிட்டதாக. ஹாஸ்டல் வேண்டாம், அவன் என் வீட்டில் தங்கட்டும். சாப்பாடு, புத்தகம், பீஸ் எல்லாம் என் பொறுப்பு. உனக்குச் செய்ய வேண்டியதை உன் பிள்ளைக்குச் செய்கிறேன் என்று வைத்துக்கொள். மாமாவுக்கும் சுமை குறையும். குறைந்தால் ஜெயந்தியைப் பற்றி அவர் மறுபடி யோசிக்கலாம். நான் இதை அவருக்கு எழுதவில்லை. நீ பக்குவமாகச் சொல்லிப் பார்.

யசோதரன்


திருவண்ணாமலை
4-7-1982

யசோதரனுக்கு,

சீவகன் வந்து சேர்ந்திருப்பான். அவன் இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுப் பழகியவன். காலேஜ் விட்டு வர நேரமானால் கையில் ஏதாவது கட்டிக்கொடுக்கச் சொல். சளி பிடித்தால் வெந்நீரில் குளிக்கட்டும்.

நீ சொன்னபடி உன் மாமாவிடம் பக்குவமாகச் சொன்னேன். சுமை குறைந்ததே என்றேன். "குறைஞ்சதுதான். அத சேத்து வெச்சா ஜெயந்திக்கு ரெண்டு வருஷத்துல நல்லா பண்ணிடலாம்" என்றார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் பேப்பரைப் பார்த்து நம்பரைத் தொட்டுக் காட்டினாள். எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். பதினொன்றாவதில் சேரக் கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை. அன்று முழுக்க அவள் மாடியில் கடலை காயப்போட்டுக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் மேலே போகவில்லை.

சீவகன் பெட்டியை அவள்தான் அடுக்கினாள். தன் கணக்குக் குறிப்புகளைக்கூட எடுத்து வைத்தாள். "பிளஸ் டூவே முடிச்சவனுக்குப் பத்தாவது நோட்டு எதுக்குடி?" என்றேன். "சும்மா இருக்கட்டும்மா, இங்க இருந்து என்ன?" என்றாள்.

கடைசித் தேதிக்கு முதல் நாள், வியாழக்கிழமை, அவனை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு நான் மட்டும் போனேன். உன் மாமாவுக்கு மண்டியில் லோடு. சீவகன் இடம் பிடித்து உட்கார்ந்தவன், பஸ் கிளம்பும் நேரத்தில் இறங்கி வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ம்மா, நான் போகலன்னா அவள சேப்பாங்களா?"

அவன் சும்மா கேட்கவில்லை. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கியிருப்பான். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஜனங்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"ஏறுடா" என்று சொன்னேன்.

ஏறிவிட்டான். ஜன்னலில் முகத்தைக் காட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அப்பா என்னை நிறுத்தினார். என் பெண்ணை அவள் அப்பா நிறுத்தினார் என்று ஊருக்குச் சொல்லலாம். உன் அறிக்கை நிறுத்தியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் அங்கே நான் மட்டும்தான் நின்றிருந்தேன். பிள்ளை இறங்கிவிடப் போகிறானே என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது. பெண் ஞாபகம் பஸ் போன பிறகுதான் வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? உனக்குத்தான் புரியும்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று டிசம்பரில் எழுதினேன். அன்றைக்கு அது நிஜம்.

சீவகனை நன்றாகப் பார்த்துக்கொள். அவனுக்குப் பதினெட்டு வயதுகூட ஆகவில்லை. பஸ் கிளம்புகிற அவசரத்தில் அவனுக்குக் கேட்கத் தோன்றியது. உனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் தோன்றவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ராஜமதி